முழங்கால் மாற்றி மூன்றாம் நாள்: சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து

கிணற்றடி (மூன்றாம் நாள், பின்னேரம்)

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். வயது 66. ஊர் யாழ்ப்பாணம், வீடு கனடாவில் ஸ்கார்பரோ, இப்போது படுத்திருப்பது சென்னையில். இடது முழங்காலை மாற்றி இன்று மூன்றாம் நாள். கையில் ஃபோன் இருக்கிறது, காலை அசைக்க முடியவில்லை, தங்கச்சி சோபாவில் குறட்டை விடுகிறாள். எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வருவதற்கு முன் நிறையத் தேடினேன். ஆபரேஷனைப் பற்றி எக்கச்சக்கமான காணொளிகள். மறுநாள் காலை என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, ஆனால் காது கேட்கும். தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது மாதிரி இருந்தது. தட்டுகிறார்கள், அறுக்கிறார்கள், யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார். அன்று இரவு வரை ராணி மாதிரி இருந்தேன். "இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம்" என்று பிள்ளைகளுக்கு ஃபோனில் பெருமை வேறு. விடியப்புறம் விறைப்பு இறங்கியது. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒன்பது மணிக்குப் பிசியோ பிள்ளை வாக்கரோடு வந்து நின்றது. "எழும்புங்க அம்மா, நடக்கலாம்." நேற்றுத்தானே பிள்ளை வெட்டினீர்கள் என்றேன். எழுந்தேன், தலை சுற்றியது, பிரஷர் இறங்கிவிட்டது என்று திரும்ப உட்கார வைத்தார்கள். மத்தியானம் மறுபடியும். குளியலறைக் கதவு வரை ஏழு அடி. எண்ணிக்கொண்டே போனேன்.

பாஷை ஒரு தனிக் கதை. "மோஷன் போனீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை, எங்கே போவது என்று கேட்டுவிட்டேன். தங்கச்சி காதுக்குள் விளக்கம் சொன்னாள். இரவு வரும் நர்ஸ் மணிப்பூர்ப் பிள்ளை. பாவம், தமிழ் பழகியிருக்கிறது, "வலி" தெரியும். நான் "நோகுது" என்றால் முழிக்கிறது. உணவு கொண்டுவரும் அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: "நீங்க கேரளாவா?"

இப்போது கேள்வி. நேற்று இரவு தங்கச்சி முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தாள். சொர்க்கம். காலையில் பிசியோ பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, கள்ளச் சாமானைப் பிடித்தது போலப் பறித்துக்கொண்டு போய்விட்டது. யார் சரி?

பனிக்கரடி

முதலில் சுகம் பெற வாழ்த்துகள் பிள்ளை. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் இருப்பது உங்களைப் போலக் கனடாவில், மார்க்கம் நகரத்தில். மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு வலது முழங்கால் மாற்றினார்கள். காலையில் ஆபரேஷன், மறுநாள் மத்தியானம் வீட்டில் சோறு. ஒரு சதம் கட்டவில்லை. நீங்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்து போய், காசும் கொடுத்து, யாரென்று தெரியாத இடத்தில் படுத்திருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்தால் இங்கே எந்த சர்ஜன் பொறுப்பெடுப்பார்?

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இந்தச் செயற்கை முழங்காலின் பாட்டனைச் செய்ததே ஒரு கனடாக்காரர். வினிபெக்கைச் சேர்ந்த பிராங்க் கன்ஸ்டன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில், இடுப்பு மூட்டு மாற்றிப் பேர் பெற்ற சார்ன்லியிடம் இருந்தபோது செய்தார். நம் வீட்டுச் சாமானை வாங்கச் சென்னைக்குப் போயிருக்கிறீர்கள்!

நடைபழகி

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தலையணை விஷயத்தில் அந்தப் பெண் சொன்னதுதான் சரி அம்மா. உங்கள் தங்கச்சி மேல் கோபப்பட வேண்டாம், நூற்றில் தொண்ணூறு வீட்டில் இது நடக்கிறது.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் மூட்டு லேசாக மடங்கி நிற்கும். அந்த நிலையில்தான் உள்ளே இருக்கும் வீக்கத்துக்கு இடம் அதிகம், அதனால் சுகமாக இருக்கும். ஆனால் ஆறும் திசு அந்த மடக்கத்திலேயே இறுகிவிடும். பிறகு கால் முழுசாக நீளாது. மடங்காத காலை விட நீளாத கால் மோசம். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும், கால் குட்டையானது போல நடை சாயும், இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும். தலையணை வைத்தே ஆக வேண்டும் என்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கட்டும். பத்து நிமிடம் தாங்கினால் போதும், பிறகு எடுத்துவிடலாம்.

மடக்குவதற்கு எல்லோரும் 90, 90 என்று பயமுறுத்துவார்கள். நடக்க ஏறத்தாழ 65 டிகிரி போதும். படி ஏற 85 பக்கம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 95 பக்கம். அதனால்தான் டிஸ்சார்ஜுக்கு முன் 90 என்று குறி வைக்கிறோம். தரையில் சம்மணம் போடுவது வேறு கணக்கு, அதை இப்போது நினைக்கவே வேண்டாம்.

படுத்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோனில் எழுதும் நேரத்திலும் ஆட்டலாம்.

வைகைக்கரையான்

எங்கம்மாவுக்கு மதுரையில் இரண்டு காலும் ஒரே தடவையில் செய்தோம். நாலாம் நாள் ராத்திரி "என் பழைய காலையே ஒட்ட வைங்கடா" என்று அழுதார். இப்போது அழகர் மலைப் படி ஏறுகிறார். ஆகவே தைரியமாக இருங்கள்.

ஒரு சந்தேகம், நடைபழகி சாருக்கு. அம்மாவுக்குக் காலைக் கட்டி வைத்து மடக்கி நீட்டும் மெஷின் ஒன்று போட்டார்கள். தினம் அதற்குத் தனிக் கட்டணம். அது நல்லதா?

நடைபழகி

கெடுதல் இல்லை. ஆனால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மெஷின் மடக்கும்போது உங்கள் தசை சும்மா தூங்குகிறது. அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒருவரை வரவழைத்துப் பயிற்சி செய்வது மேல். என் தொழிலுக்கு விளம்பரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கிணற்றடி (மூன்றாம் நாள், இரவு)

பனிக்கரடி அண்ணை, கேட்டது நல்லது. ஒளிக்க ஒன்றுமில்லை.

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் காத்திருப்பு இரண்டு துண்டு. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த நாளில் இருந்து நிபுணரைப் பார்க்கும் வரை ஒரு துண்டு. ஆபரேஷன் என்று முடிவான நாளில் இருந்து மேசைக்குப் போகும் வரை இன்னொரு துண்டு. கனடாவில் பெரிதாகப் பேசுகிற 26 வாரம் என்ற அளவுகோல் இரண்டாவது துண்டுக்கு மட்டும். முதல் துண்டிலேயே எனக்கு ஒரு குளிர்காலம் போய்விட்டது.

ஆனால் அண்ணை, நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. உங்களுக்கு மறுநாள் மத்தியானம் வீட்டில் சோறு என்றீர்களே, அதை யார் போட்டார்கள்? அண்ணி. என் வீட்டில் மகன் இரவு ஷிஃப்ட், மருமகள் பகல் வேலை. படுக்கையறை மேல்மாடியில். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினால் யார் என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது? மகனா?

தங்கச்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அங்கே பலாலி விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. ஸ்கார்பரோவுக்கு விசா எடுத்து அவளைக் கூப்பிட என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட நிற்பவருக்கென்று இந்தியா தனி விசா கொடுக்கிறது, அதில் வந்தாள். ஆபரேஷனைச் சென்னையில் வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். தங்கச்சியை எட்டு வாரத்துக்கு வாங்கினேன். அவளோ தலையணை வைத்து என்னைக் கெடுக்கிறாள்.

சுண்டல்

அக்கா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியுமா? என் அம்மாவுக்கும் பார்க்கிறோம். நாங்கள் சிங்கப்பூர்.

கிணற்றடி

பில் இன்னும் முழுதாக வரவில்லை தம்பி, வந்தபின் சொல்கிறேன். "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அதற்குள் எது வரும், எது வராது என்பதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை.

வைகைக்கரையான்

சுண்டல், ஒரு விஷயம் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும் மூட்டுக்கு இந்தியாவில் 2017 ஆகஸ்டில் அரசு விலை வரம்பு போட்டது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு ஒன்றுக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. டைட்டானியம் மாதிரி விசேஷ உலோகத்துக்கு 76,600. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே "மூட்டு விலைதான் சார் அதிகம்" என்று யாராவது சொன்னால் மூட்டுக்குத் தனி பில் கேளுங்கள். மற்றபடி அறை வாடகை, தியேட்டர், டாக்டர் ஃபீஸ் இதற்கெல்லாம் வரம்பு கிடையாது, அங்கேதான் ஏறும்.

அப்புறம் மூட்டுப் பெட்டியில் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் உண்டு. அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடம் கழித்து வேறு ஊரில் யாராவது திறந்து பார்க்க வேண்டி வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

மழைத்தேசம்

அக்கா, நான் டப்ளின். எங்கள் கதை இன்னும் விசித்திரம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் செய்தது லிதுவேனியாவில், கௌனஸ் நகரத்தில்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. சொந்த நாட்டில் அரசு செலவில் கிடைக்க வேண்டிய சிகிச்சையை வேறொரு உறுப்பு நாட்டில் செய்துகொண்டு காசைத் திரும்பக் கேட்கலாம். முதலில் நம் கையில் இருந்து கட்ட வேண்டும். சொந்த நாட்டில் என்ன செலவாகுமோ அதற்கு மேல் தர மாட்டார்கள், விமான டிக்கெட்டும் நம் தலையில்தான். இங்கே வரிசையில் நின்று சலித்தவர்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே கடிதமெல்லாம் சரியாக இருக்க வேண்டும். போய் வந்தபின் "இந்தப் படிவம் இல்லையே" என்றால் அம்போதான்.

ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு நெமுனாஸ் ஆற்றங்கரையில் பீர்ஷ்டோனாஸ் என்று ஒரு சின்ன ஊர். ஊற்று நீரும் சேற்றுக் குளியலும் சானடோரியங்களுமாக இருக்கும். அங்கே இரண்டு வாரம் மறுவாழ்வுப் பயிற்சி. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. நடுவில் பைன் மரங்களுக்கு நடுவே வாக்கரோடு ஒரு கூட்டம். பாதிப் பேர் அயர்லாந்துக்காரர்கள். யாருக்கு எத்தனை டிகிரி என்று ஏலம் போடுவது மாதிரிப் பேசிக்கொள்வார்கள். இவரும் போட்டியில் சேர்ந்து தேறிவிட்டார்.

சாப்பாடுதான். ஒரு நாள் ரோஸ் நிறத்தில் குளிர்ந்த சூப் வந்தது. பீட்ரூட்டை மோரில் கரைத்து வெள்ளரிக்காயும் முட்டையும் போட்டது. இவர் பார்த்தவுடன் தட்டைத் தள்ளிவிட்டார். நான் ஒரு வாய் வைத்தேன். பச்சடிதான்! சுடுசோறு இருந்தால் பிசைந்திருப்பேன்.

நான் சொல்ல வருவது, உங்களைப் போல ஒரு தங்கச்சி இல்லாதவர்கள் இப்படி ஒரு இடத்தையும் யோசிக்கலாம்.

பனிக்கரடி

தங்கச்சி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பணிவிடை செய்ததில் அண்ணிக்கு முதுகு போனது வேறு கதை.

ஆனால் திரும்பி வருவது? இரத்தம் உறைந்து காலில் கட்டியாகி நுரையீரலுக்குப் போவது விளையாட்டில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாம் வாரமே பறந்து வந்து இங்கே எமர்ஜென்சியில் கிடந்தார்.

நடைபழகி

பனிக்கரடி ஐயா சொல்வது முக்கியம். முழங்கால் மாற்றியபின் முதல் சில வாரங்களில் அந்த ஆபத்து அதிகம். அதற்குத்தான் ஊசி அல்லது மாத்திரை, இறுக்கமான காலுறை, சீக்கிரம் நடக்க வைப்பது எல்லாம். நீண்ட தூர விமானத்துக்கு ஆறு வாரமாவது பொறுக்கச் சொல்வார்கள், மூன்று மாதம் என்று சொல்லும் சர்ஜன்களும் உண்டு. உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. கட்டிலில் கிடப்பதால் முழங்கால் ஆறுவதில்லை. ஒன்டாரியோவில் மறுநாள் அனுப்புவதும் காரணத்தோடுதான். அங்கே வீட்டில் உதவிக்கு ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டு அனுப்புகிறார்கள், இங்கே ஆஸ்பத்திரி அறையையே வீடாக்கிக்கொள்கிறோம்.

கிணற்றடி (ஆறாம் நாள்)

நேற்று டிஸ்சார்ஜ். இப்போது சமையலறையோடு இருக்கும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம், லிஃப்ட் உண்டு.

கடைசி இரவு நல்ல இரவு இல்லை. இரண்டு மணிக்கு மணியை அடித்தேன். ஒருவரும் வரவில்லை. தங்கச்சி மருந்து வாங்கக் கீழே போய், லிஃப்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டாள். முக்கால் மணி நேரம். நானே வாக்கரைப் பிடித்துப் போயிருக்கலாம், ஆனால் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்று காலைதான் பயமுறுத்தியிருந்தார்கள். படுக்கை நனைந்தது. 66 வயதில் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பகலில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டு வருகிற ஆஸ்பத்திரியில் இரவு ஒரு தளத்துக்கு எத்தனை நர்ஸ் என்று சேரும் முன்பே கேளுங்கள். மணிப்பூர்ப் பிள்ளை அன்று லீவு. மறுநாள் வந்து விஷயம் தெரிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு "நோகுதா அம்மா" என்று கேட்டது. எங்கே பழகியதோ.

பில்லும் வந்தது. சொன்ன தொகையை விட அதிகம். கையுறை, பஞ்சு, பிசியோ எல்லாம் தனி. தங்கச்சி கவுண்டரில் நின்று வரி வரியாக வாசித்து, போடாத ஒரு ஊசிக்குப் போட்ட காசைக் குறைக்க வைத்தாள். ஸ்டிக்கர் கேட்டு வாங்கினேன், நன்றி வைகைக்கரையான் தம்பி.

வீடு எடுப்பவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் ஆஸ்பத்திரியும் சரி, வீட்டுக்காரரும் சரி, நாம் தங்கியிருப்பதை அரசுக்குப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். முதலில் பார்த்த வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று முழங்கால் மடங்கியது 82 பாகை (டிகிரி).

வைகைக்கரையான்

82 என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். அம்மா 70இல் தான் வீட்டுக்கு வந்தார். பில்லெல்லாம் பத்திரம்.

பனிக்கரடி

ஆம், பில்லை எறிய வேண்டாம். வெளிநாட்டில் செய்த மருத்துவச் செலவையும் கனடா வரிக் கணக்கில் காட்டலாம். ஓஹிப், அதாவது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, இதற்குக் காசு தராது. முன் அனுமதி இல்லாமல் போனால் ஒன்றும் நடக்காது. ஆனால் திரும்பி வந்தபின் குடும்ப வைத்தியரைப் பார்ப்பது வழக்கம் போலத்தான். 65 தாண்டியவருக்கு ஓஹிப் செலவில் பிசியோ செய்யும் இடங்களும் இருக்கின்றன. இப்போதே ஃபோன் பண்ணி இடம் பிடியுங்கள்.

இரவு விஷயம் வாசித்து மனம் சரியில்லை பிள்ளை.

கிணற்றடி (பதினைந்தாம் நாள்)

வெட்டிய இடத்தை மூடிப் போட்டிருந்த உலோகப் பின்களை எடுத்தாயிற்று. 31 பின். எண்ணியது தங்கச்சி. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துக் கிடக்கிறது, கை வைத்தால் வேறு யாருடைய காலோ மாதிரி. முழங்கால் எப்போதும் சூடாக இருக்கிறது. நடக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். நடைபழகி தம்பி, பயப்பட வேண்டுமா?

நடைபழகி

மூன்றுமே வழக்கம்தான் அம்மா. வெட்டும் இடத்தில் தோலுக்குப் போகும் ஒரு சின்ன நரம்பு அறுபடும், அதனால் மரப்பு. பரப்பு சுருங்கும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். சூடும் வீக்கமும் சில மாதம் இருக்கும். சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது. காய்ச்சலோடு சிவந்து சூடு ஏறினால், அல்லது தழும்பில் ஏதாவது கசிந்தால் அது வேறு. அப்போது மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் நேராக உங்கள் சர்ஜனிடம் போங்கள். பாதி மருந்து போட்டுவிட்டு வந்தால் எந்தக் கிருமி என்றே சோதனையில் தெரியாமல் போய்விடும்.

சுண்டல்

எங்கள் அம்மாவுக்குத் தேதி தள்ளிப்போய்விட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9. குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல்லில் சொத்தை வேறு, அதையும் முடிக்கச் சொல்கிறார். முழங்காலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா சண்டை போடுகிறார்.

நடைபழகி

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை கூடினால் புண் ஆறாது, கிருமி தொற்றும். வாயில் இருக்கும் கிருமி இரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் திரும்பத் திறக்க வேண்டி வரும். காத்திருக்கும் நேரத்தில் தொடைப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள், பிறகு பாதி வேலை மிச்சம்.

கிணற்றடி (ஆறாம் வாரம்)

சர்ஜன் பார்த்தார். 112 பாகை. கால் முழுதாக நீளுகிறது. பறக்கலாம் என்று கடிதம் தந்திருக்கிறார். மெடிக்கல் இ-விசா 60 நாள், வந்து ஆறாம் நாள் ஆபரேஷன், அதன்பின் 42 நாள். கையில் மிச்சம் 12 நாள். கணக்கு இப்படி இறுக்கமாக இருக்கும் என்று முன்பே யோசிக்கவில்லை. ஒரு காய்ச்சல் வந்திருந்தால் நீடிப்புக்கு அலைந்திருப்போம்.

டிக்கெட்டில் நடைபாதை ஓர இருக்கை, நடைபாதை என் இடது பக்கம் வரும்படி எடுத்திருக்கிறேன். அப்போதுதான் மாற்றிய காலை நீட்டலாம். சோதனைக் கதவில் கீச்சிடும் என்கிறார்கள், கீச்சிடட்டும்.

தங்கச்சி நாளை பலாலிக்குப் போகிறாள். காலையிலிருந்து புட்டு அவித்துக் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் நாலு நாள்தான் இங்கே என்று சொன்னாலும் கேட்கவில்லை.

பனிக்கரடி

டொரொன்டோ பியர்சன் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டீர்களா? மகன் இரவு ஷிஃப்ட் என்றீர்களே. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது? நானும் அண்ணியும் வருகிறோம். எங்கள் வான் வண்டியின் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வரலாம்.

கிணற்றடி

அதிகாலை ஐந்தேகால் அண்ணை. அண்ணிக்கு முதுகு என்றீர்கள், அவரை எழுப்ப வேண்டாம்.